கொலனி வீட்டில் இருந்தது யார்

அண்ணை, நீங்கள் பொய் சொன்னீர்கள். காணி யாருக்கு என்று விசாரித்து முடிவு செய்யும் காணிக் கச்சேரி நடந்த அன்று, சங்கக் கட்டடத்து வாங்குகளில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த சனத்துக்கு முன்னால், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த உத்தியோகத்தரைப் பார்த்துச் சொன்னீர்கள்: "இந்தக் காணியிலை நான்தான் இருந்து செய்தனான்." நீங்கள் இருக்கவில்லை. பதினாறு வருசத்தில் நீங்கள் அந்த வீட்டில் தொடர்ந்தாற்போல் இருந்தது ஒன்பது நாள். அதுவும் ஐயாவின் செத்தவீட்டுக்கு வந்த இடத்தில்.

அதற்குப் பிறகாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. போன தை மாதம் எங்கள் ஊர் வாசிகசாலையின் ஆண்டு விழாவில் ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்று 'கொலனி' என்ற சொல்லைப் பற்றி முக்கால் மணித்தியாலம் பேசினீர்கள். நான் பெண்கள் பக்கத்தில் கடைசி வாங்கில் இருந்தேன். கொலனியிலிருந்து காலை பஸ்ஸில் வந்தவள், சீலையில் இன்னும் செம்மண் இருந்தது.

நன்றாகத்தான் பேசினீர்கள். அச்சுக்கூடத்தில் மனேச்சராக இருக்கிறவருக்குச் சொல்லுக்கு என்ன பஞ்சம். கொலனி என்பது லத்தீன் மொழியில் பிறந்த சொல் என்றீர்கள். கொலோனுஸ் என்றால் நிலத்தை உழுகிறவன். அவன் போய்க் குடியேறிய இடம் கொலோனியா. உரோமர்கள் சண்டை முடித்த சிப்பாய்களுக்குத் தூர தேசத்தில் காணி கொடுத்து இருத்தினார்கள். அப்படி ஜெர்மனியில் இருத்திய ஓர் இடத்துக்கு அந்தச் சொல்லே ஊர்ப்பெயராக நின்றுவிட்டது. அந்த ஊரில் வடித்த வாசனைத் தண்ணீர்தான் காய்ச்சலுக்கு நெற்றியில் போடும் ஓடிக்கொலோன். இந்த இடத்தில் சனம் வியந்து சிரித்தது. கடைசியில் நெஞ்சில் கையை வைத்து, "நானும் ஒரு கொலோனுஸ்தான்" என்றீர்கள். கைதட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த மனிசி என் கையைத் தட்டி, "உம்மடை அண்ணை எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறார்" என்றா.

எனக்கு லத்தீன் தெரியாது. ஆனால் அந்தச் சொல்லுக்குள் பதினாறு வருசம் இருந்திருக்கிறேன். அது எங்கெங்கே என்னென்ன பொருளில் வழங்கியது என்று நானும் சொல்லுவேன்.

முதலில் அது ஒரு கடிதமாக வந்தது. ஐயாவுக்குச் சொந்தத்தில் ஒரு துண்டு நிலம் இல்லை. ஆரோ ஒருவரின் தோட்டத்தில் குத்தகைக்குப் புகையிலை வைத்தார். வன்னியில் அக்கராயனுக்கு அப்பால் காடு வெட்டி, குளத்துத் தண்ணீரில் மூன்று ஏக்கர் வயலும் இரண்டு ஏக்கர் மேட்டுக்காணியும் ஒரு வீடும் அரசாங்கம் தருகிறது என்று கடிதம் சொன்னது. ஐயா அந்தச் சொல்லைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவதில்லை. அம்மா தாழ்த்துவார். கிணற்றடியில் சனம் அம்மாவைப் பிடித்துக்கொண்டது.

"கொலனிக்கோ போறியள்?"

"ஓம், இவருக்குக் கிடைச்சிருக்கு."

"அங்கை காய்ச்சலும் கரடியும் எல்லோ?"

"அது முந்தி. இப்ப மருந்தடிக்கினமாம்."

"கரடிக்கும் அடிக்கினமோ?"

அம்மா துலாக்கயிற்றை இழுத்தார். அவர்கள் சிரித்தது கரடிக்காக அல்ல. காணி இல்லாதவன்தான் கொலனிக்குப் போவான், எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு அதுதான் கருத்து.

பள்ளிக்கூடத்தில் வேறு கருத்து. நான் அப்போது எட்டாம் வகுப்பு, பாதிரிமார் நடத்திய பெண்கள் பாடசாலை. ரீச்சர் உலகப் படத்தைத் தொங்கவிட்டுக் கம்பால் தொட்டுத் தொட்டு, இதெல்லாம் வெள்ளைக்காரனின் கொலனி, நாங்களும் முந்திக் கொலனி, இப்ப சுதந்திர நாடு என்றா. அடுத்த கிழமை நான் எழும்பி, பள்ளிக்கூடத்தை விடப்போகிறேன், கொலனிக்குப் போகிறோம் என்றேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. ரீச்சரும் சிரித்தா. நீங்கள் ஊரில் நின்று படிக்க வேண்டும், உங்களுக்குச் சோதனை இருந்தது. எனக்கும் சோதனை வரத்தான் இருந்தது. அதைப் பற்றி வீட்டில் ஒருவரும் கதைக்கவில்லை.

கொலனியில் வீடுகள் வாய்க்கால் ஓரமாக இரண்டு வரிசை. எல்லாம் ஒரே அளவு, ஒரே ஓடு, கதவுக்கு மேலே கறுப்பு மையில் இலக்கம். ஓர் அறை, ஒரு விறாந்தை, பின்பக்கம் தனியாகக் குசினி. குளத்துக்கு அந்தப் பக்கம் பழைய ஊர்ச்சனம் இருந்தார்கள். அவர்களுடைய வாயில் அந்தச் சொல் எங்களுக்கே பெயர். "கொலனியாக்கள் வந்தாப்பிறகு மானுமில்லை, மரையுமில்லை" என்று எங்கள் காது கேட்கச் சொல்லுவார்கள். ஊரில் காணியில்லாத சனமாக இருந்தோம். இங்கே வந்து பிறத்தியார் காட்டை விழுங்கிய சனமானோம்.

காணி எங்களுக்கு என்றாலும் எங்களுடையது இல்லை. விற்கக்கூடாது, பிரிக்கக்கூடாது, சீதனமாக எழுதக்கூடாது. எல்லாவற்றிலும் பெரிய நிபந்தனை, காணிக்காரர் அங்கேயே குடியிருக்க வேண்டும். கொலனி ஒபிசர் ஜீப்பில் வந்து பார்ப்பார். ஆள் இல்லாத வீட்டைக் கண்டால் புத்தகத்தில் குறிப்பார். மூன்று தரம் குறித்தால் காணியை எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கலாம். அப்படி ஒரு வீடு பறிபோனதை நாங்கள் வந்த முதல் வருசமே பார்த்தோம்.

மழைக்காலத்தில் பிரச்சினை இல்லை. வயல் இருக்கும், ஆட்கள் இருப்பார்கள். நெல் வெட்டு முடிந்து குளம் வற்றினால் அங்கே செய்ய ஒன்றுமில்லை. குடிக்கிற தண்ணீருக்கே ஒரு மைல் நடக்க வேண்டும். எல்லாரும் ஊருக்குப் போய்விடுவார்கள். கோயில் திருவிழா, புகையிலைத் தோட்டத்துக் கூலிவேலை, கலியாணங்கள், எல்லாம் அந்த மாதங்களில்தான். அப்போதுதான் எங்கள் கொலனியில் ஒரு வழக்கம் உண்டானது. இதை எந்தச் சட்டப் புத்தகத்திலும் காண மாட்டீர்கள். வீட்டுக்கு ஒருவரை விட்டுவிட்டுப் போவது. அப்படி நிற்கிறவருக்கு வேலை, ஒவ்வொரு நாளும் காலையும் பின்னேரமும் அடுப்பு மூட்டுவது. ஜீப் வருகிற பாதையிலிருந்து பார்த்தால் புகை தெரிய வேண்டும். கொடியில் ஆம்பிளை உடுப்பு காய வேண்டும். இதற்குப் பெயர் 'புகை காட்டுறது'.

"ரெண்டு மாசந்தானே பிள்ளை, புகை காட்டிக்கொண்டு இரு" என்றார் ஐயா. அது நாங்கள் வந்த முதலாவது கோடை. அம்மாவுக்கு இழுப்பு, இங்கத்தைப் புழுதி ஒத்துவராது. நீங்கள் படிக்கிறீர்கள். தங்கச்சி சின்னப்பிள்ளை. மிஞ்சியது நான். இரண்டு மாதம் நான்கு மாதமானது. மழை வந்ததும் வயலுக்கு ஆள் வேண்டும் என்று ஐயா திரும்பி வந்தார், நான் நின்றேன். அடுத்த கோடைக்கு ஒருவரும் கேட்கவேயில்லை. புகை காட்டுவது நான்தான் என்பது வீட்டில் முடிந்த விசயம்.

உங்களுடைய சேட்டு ஒன்றை அம்மா அனுப்பினார். நீலக்கோடு போட்டது, கழுத்துப் பட்டி மட்டும் தேய்ந்தது. ஐயாவின் பெயருக்குப் பக்கத்தில் உங்கள் பெயரும் ஒபிசரின் புத்தகத்தில் இருந்ததால் நீங்களும் இங்கே இருக்கிறதாகக் காட்ட வேண்டும். கிழமையில் இரண்டு தரம் அதை நனைத்துக் கொடியில் போடுவேன். ஒருவரும் போடாத சேட்டைத் தோய்த்துத் தோய்த்தே அது நைந்துபோயிற்று. கோடு அழிந்தது, கைமூட்டில் கிழிந்தது. நான் கிழிசலைத் தைத்துத் திரும்பவும் போட்டேன். பிறகு நீங்கள் இன்னொன்று அனுப்பினீர்கள். அது வெள்ளை. வெள்ளையைத் தூரத்தில் கண்டுகொள்ளலாம் என்று எழுதியிருந்தீர்கள்.

பக்கத்துக் காணியில் ஓர் அக்கா இருந்தா. அவவும் என்னைப்போலப் புகை காட்ட விடப்பட்ட ஆள்தான். அவவின் புருசன் ஊரில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டு, இவவைக் காணிக்குக் காவல் வைத்திருந்தான். வருசங்கள் போகப் போக மற்ற வீட்டுக்காரர் ஆளை விடுவதையும் நிறுத்திவிட்டார்கள். "நீங்கள் ரெண்டு பேரும் நிக்கிறியள்தானே, எங்கடை அடுப்பிலும் ஒரு கொள்ளி வைச்சு விடுங்கோ" என்று கதவுப் பூட்டின் திறப்பைத் தந்துவிட்டுப் போவார்கள். ஒரு கோடையில் எங்களிருவரிடமும் ஏழு வீட்டுத் திறப்பு இருந்தது.

முல்லைத்தீவுப் பக்கமிருந்து ஒரு முஸ்லிம் வியாபாரி சைக்கிளில் சீலை கொண்டுவருவார். நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். பெரிய பாதையின் திருப்பத்தில் சைக்கிளை நிறுத்திப் புகையை எண்ணிவிட்டுத்தான் உள்ளே திரும்புவார். எத்தனை புகை, அத்தனை குடும்பம். கொலனி என்றால் அவருக்கு அந்தக் கணக்கு. ஏழு புகையை நம்பி வந்த அன்று சீலைக்கட்டை எங்கள் விறாந்தையில் போட்டுவிட்டு என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏழு புகை எண்ணினன். ஆள் ரெண்டு. மிச்ச அஞ்சு புகைக்கும் நான் ஆரிட்டைச் சீலை விக்கிறது தங்கச்சி?"

"புகைக்கே கட்டிவிடுங்கோ நானா" என்றா அக்கா. "எங்களை விட வடிவா இருக்கும்."

அவர் சிரித்து, வெற்றிலை போட்டு, தண்ணீர் குடித்து, போகும்போது சொன்னார்: "சந்தியிலை ஜீப்பைக் கண்டனான். கிளிநொச்சியிலை இருந்து வாறாங்கள் போலை. பின்னேரம் இஞ்சாலை திரும்புவாங்கள்."

அவர் சொன்னது சரி. பின்னேர அடுப்பு மூட்டுகிற நேரத்துக்கு முன்னமே வாய்க்கால் பாதையில் புழுதி கிளம்பியது. "நீ மேல் வரிசை, நான் கீழ் வரிசை" என்று அக்கா ஓடினா. நான் எங்கள் அடுப்புத் தணலைச் சிரட்டையில் அள்ளிக்கொண்டு மேல் வரிசைக்கு ஓடினேன். திறப்பைத் தேடி, கதவைத் தள்ளி, ஓலையில் ஊதி, அடுத்த வீட்டுக்கு ஓடி, திரும்பவும் ஊதி. கண்ணெல்லாம் சாம்பல். கடைசி வீட்டில் நெருப்புப் பிடித்து நிமிர்ந்தபோது ஒபிசர் குசினி வாசலில் நின்றார்.

"என்ன பிள்ளை, அடுப்பு எரியுது. பானையைக் காணேல்லை?"

அடுப்பில் வைக்க ஒரு பானையை எடுக்க மறந்துவிட்டேன். "கழுவப் போட்டிருக்கு ஐயா" என்றேன்.

"உங்கடை ஊரிலை நெருப்பை மூட்டிப்போட்டுத்தான் பானை கழுவுறதோ?"

மூச்சு வாங்க வந்து சேர்ந்த அக்கா, "ஓம் ஐயா, எங்கடை ஊரிலை அப்பிடித்தான்" என்றா.

அவர் தொப்பி கழலச் சிரித்தார். அவருக்கு எல்லாம் தெரியும். வீடுகள் வெறுமையாகிவிட்டன என்று மேலே எழுதினால் அவருக்கும் கேள்வி வரும். எங்கள் புகை அவருக்கும் தேவையாக இருந்தது. புத்தகத்தை விரித்தபடி வீடு வீடாக நடந்து எங்கள் வீட்டடிக்கு வந்தார். கொடியில் நீலக்கோட்டுச் சேட்டு காய்ந்தது.

"இது ஆற்றை?"

"அண்ணையின்ரை."

"அவர் இஞ்சைதானே இருக்கிறார்?"

"ஓம்."

"எங்கை ஆள்?"

"விறகுக்குப் போயிட்டார்."

எழுதினார். உங்கள் பெயருக்கு நேரே ஒரு சரி. அந்தச் சரியை நான்தான் போடவைத்தேன் அண்ணை, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அன்று என்னுடைய பாவாடையும் அதே கொடியில் அந்தச் சேட்டுக்குப் பக்கத்தில் காய்ந்தது. அது ஆற்றை என்று அவர் கேட்கவில்லை. என் பெயர் அந்தப் புத்தகத்தில் இல்லை. பொம்பிளைப் பிள்ளையின் பெயரை எழுத அதில் இடமும் இல்லை என்று பிறகுதான் அறிந்தேன். பதினாறு வருசமாக நான் என் கையால் நெருப்பு மூட்டி உங்களை அங்கே இருக்கவைத்தேன். ஒவ்வொரு சரியும் உங்களுக்கு ஒரு வருசம். எனக்கு ஒன்றுமில்லை.

நடுவில் வெளியே போகப் பார்த்தேன். இல்லையென்று நினைக்கவேண்டாம். கொலனிப் பள்ளிக்கூடம் திறந்தபோது பாலர் வகுப்புக்கு உதவிக்கு ஆள் கேட்டார்கள். அதற்குக் கிளிநொச்சியில் ஆறுமாதப் பயிற்சி. ஐயாவிடம் கேட்டேன். "ஆறுமாசமும் அடுப்பை ஆர் மூட்டுறது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே யோசித்துப் பார்த்துச் சொன்னார். உங்களுக்குக் கடிதம் போட்டேன், ஒரு கோடைக்கு மட்டும் வந்து நில்லுங்கள் என்று. அச்சுக்கூடத்தில் கலண்டர் வேலை நெருக்கம் என்று பதில் வந்தது.

அதே வருசம் எனக்குக் காய்ச்சல் வந்தது. மலேரியா போய்விட்டது என்று சொல்லிக்கொண்டிருந்த காலம், எனக்கு மட்டும் போகவில்லை. மூன்றாம் நாள் எழும்ப முடியவில்லை. அக்கா ஈரச்சீலையை நெற்றியில் போட்டுவிட்டு, என் வீட்டு அடுப்பையும் தானே மூட்டினா. நான் பிதற்றும்போது, "அடுப்பு, அடுப்பு" என்று கத்தினேனாம். ஒரு கிழமைக்குப் பிறகு நீங்களும் உங்கள் மனிசி மச்சாளும் வந்தீர்கள். மச்சாள் கைப்பையிலிருந்து ஓடிக்கொலோன் போத்தலை எடுத்து, கைலேஞ்சியில் நனைத்துத் தன் மூக்கில் வைத்துக்கொண்டா. புகை மணம் அவவுக்குத் தலையிடியாம். பின்னேர பஸ்ஸுக்குப் போனபோது போத்தலையும் கொண்டு போனா. வாசிகசாலையில் நீங்கள் அந்தத் தண்ணீரின் பூர்வீகத்தைச் சொல்லச் சனம் சிரித்ததே, எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று இப்போது விளங்கும்.

பிறகு தங்கச்சிக்குக் கலியாணம். எங்கள் ஊர் வழக்கப்படி தாய்வீடு மூத்த பெட்டைக்கு. அம்மாவின் அந்த இரண்டறை வீட்டைத் தங்கச்சிக்கு எழுதுவித்தீர்கள். நான் ஒரு சொல் கேட்டேன்.

"எனக்கு?"

"உனக்கென்ன, நீ கொலனியிலை இருக்கிறாய்தானே" என்றீர்கள்.

எனக்கும் இரண்டு இடம் பேசி வந்தது. ஒரு பகுதி, சீதனமாகக் காணி எழுதலாமா என்று கேட்டது. எழுத முடியாது, சட்டம். மற்றப் பகுதி நான் இருக்கும் இடத்தைக் கேட்டுவிட்டு, "கொலனிப் பெட்டையோ" என்று எழும்பிப் போனது. ஊர்ச் சட்டத்தில் வீடு பெண்ணுக்கு, கொலனிச் சட்டத்தில், காணிக்காரர் வேறு பெயர் கொடுக்காவிட்டால், காணி ஆணுக்கு. நான் ஊரில் இருந்திருந்தால் வீடு எனக்கு வந்திருக்கும். ஆணாய்ப் பிறந்திருந்தால் காணி வந்திருக்கும்.

ஐயா தனக்குப் பிறகு காணிக்கு உங்கள் பெயரைக் கொடுத்தது நாங்கள் வந்த இரண்டாம் வருசமே. ஒருவரின் பெயரைத்தான் கொடுக்கலாம், பங்கு போட முடியாது. கடைசி வருசத்தில் அவருக்கு அது உறுத்தியது என்று நினைக்கிறேன். வரம்பில் இருந்து சாப்பிடும்போது, "உன்ரை பெயரைப் போட்டிருக்கலாம்" என்றார். "இப்பவும் மாத்தலாம் ஐயா" என்றேன். "மாத்தப் போனா ஏன் மாத்திறாய் எண்டு கேப்பாங்கள். அவன் இஞ்சை இல்லை எண்டு சொல்ல வேணும். சொன்னா இவ்வளவு நாளும் எழுதினது பொய்யாப் போயிடும்" என்றார். பிறகு சோற்றைப் பிசைந்தார். அந்த மாரியில் செத்துப்போனார்.

காணிக் கச்சேரியில் உங்களுக்கு முன்னால் ஐந்து பேரைக் கூப்பிட்டார்கள். ஆறாவது நீங்கள். நீங்கள் உங்கள் பொய்யைச் சொன்னீர்கள். உத்தியோகத்தர் புத்தகத்தைப் புரட்டினார், சரிகள் வரிசையாக இருந்தன. ஆனாலும் உங்கள் கையைப் பார்த்தார். அச்சுமை பிடித்த நகம், மண்வெட்டி பிடித்த கையல்ல. தலையைத் தூக்கி வாங்குகளைப் பார்த்து, "வீட்டுக்காரர் ஆரும் வந்திருக்கிறியளோ?" என்றார். நான் எழும்பினேன்.

"நீர் ஆர்?"

"தங்கச்சி."

"இவர் இஞ்சை இருந்தவரோ?"

வாங்குகளில் இருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் உண்மை தெரியும். அத்தனை பேர் வீட்டிலும் அதே பொய் இருந்தது. நான் இல்லை என்றால் உங்கள் காணி போகும், ஐயா வெட்டிய வரம்பு போகும், நான் படுக்கிற வீடு போகும். வேறு ஆளுக்குக் கொடுப்பார்களே தவிர எனக்குத் தர மாட்டார்கள். எனக்குத் தருவதற்கு நான் அந்தப் புத்தகத்தில் இல்லை. அதோடு நின்றாலும் பரவாயில்லை, அடுத்ததாக அக்காவின் வீட்டைக் கிளறுவார்கள், அதற்கடுத்த வீட்டைக் கிளறுவார்கள்.

"ஓம்" என்றேன். "இருந்தவர்."

நீங்கள் என் பக்கம் திரும்பவேயில்லை. வெளியே வந்து, "நல்லாச் சொன்னாய்" என்றீர்கள்.

இப்போது லத்தீனுக்கு வருகிறேன். உங்கள் பேச்சு நடந்த மறுநாள் வாசிகசாலைக்குப் போய், நீங்கள் கையில் பிடித்திருந்த அந்தத் தடித்த ஆங்கிலப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். எனக்கிருப்பது எட்டாம் வகுப்பு ஆங்கிலம். ஒரு பக்கம் வாசிக்க ஒரு காலைப்பொழுது போயிற்று, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தேன். நீங்கள் சொன்னதெல்லாம் அங்கே இருந்தது. நீங்கள் சொல்லாததும் அதே பக்கத்தில், கீழே இருந்தது. உரோமரின் பிந்திய காலத்தில் கொலோனுஸ் என்றால் நிலத்தை விட்டுப் போக முடியாதவன். சட்டம் அவனை மண்ணோடு சேர்த்துக் கட்டியது. நிலம் கைமாறினால் அவனும் சேர்ந்து கைமாறுவான். ஓட நினைத்தால் விலங்கு போடலாம். நிலம் அவனுடையதல்ல.

உழுகிறவன் என்ற பாதியை நீங்கள் எடுத்து நெஞ்சில் குத்திக்கொண்டீர்கள். மற்றப் பாதியை மேடையில் வாசிக்காமல் விட்டீர்கள். தெரியாமல் விட்டீர்கள் என்று நான் நம்ப மாட்டேன். எழுத்துப் பிழை பார்த்தே சீவிக்கிறவர் நீங்கள், அடுத்த வரியைக் காணாமல் விட மாட்டீர்கள்.

பங்குனியில் உங்கள் கடிதம் வந்தது. காணிக்கு உங்களுக்குப் பிறகு உங்கள் மகனின் பெயரைக் கொடுக்கப் போகிறீர்களாம். அவனுக்கு இப்போது பத்து வயது. அவன் வளரும்வரை மச்சாளின் தம்பி வந்து வீட்டில் இருந்து செய்வாராம். நான் யாழ்ப்பாணம் வரலாமாம். "வீட்டோடை இருக்கலாம், பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த வீட்டோடு? ஊர் வீடு தங்கச்சியுடையது. யாழ்ப்பாணத்து வீடு மச்சாளுடையது. கொலனி வீடு உங்களுடையது. என்னைப் போகவிடாமல் வைத்திருந்த அதே காணி இப்போது என்னை இருக்கவிடாது என்கிறீர்கள். கடிதத்தின் அடியில் ஒரு வரி, வைகாசியில் விசாரணைக்கு உத்தியோகத்தர் வருவார், என்னிடம் கேட்டால் முந்திச் சொன்னதுபோல் சொல்ல வேண்டுமாம்.

சொல்ல மாட்டேன். அதற்காகத்தான் இதைப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். இதை அச்சில் யாராவது வாசித்து, காணியைப் பறிக்க வந்தால் வரட்டும். அக்கா போன வருசம் செத்துவிட்டா, இனி நான் காக்க வேண்டிய வீடு வேறு இல்லை. இருந்த இடத்திலேயே இருக்கவும் முடியாது, போக இடமும் இல்லை என்று ஆனவளிடம் இன்னும் எதைப் பறிக்கலாம் என்று நானும் பார்க்கிறேன்.

காணிக்காரர் நினைத்தால் பெயரை மாற்றலாம், பெண்ணின் பெயரையும் கொடுக்கலாம். விதி அப்படித்தான், விசாரித்து வைத்திருக்கிறேன். மகனின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் என் பெயரை எழுத உங்களுக்கு ஒரு நிமிசம் போதும். பிச்சையாக எழுத வேண்டாம். விசாரணைக்கு வருகிற அன்று உத்தியோகத்தரைத் தனியாகக் கண்டு காதுக்குள் சொல்லவும் வேண்டாம். மேல் வரிசை, கீழ் வரிசை, குளத்துக்கு அந்தப் பக்கத்துச் சனம், நானா, எல்லாரும் வருவார்கள், நான் சொல்லிவிட்டேன். அவர்களுக்கு முன்னால் எழும்பி நில்லுங்கள். லத்தீன் வேண்டாம், எங்கள் பாசையில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். இந்தப் பதினாறு வருசமும் அந்த வீட்டில் இருந்தது ஆர்? சொல்லுங்கோ அண்ணை. எல்லாருக்கும் கேட்கச் சொல்லுங்கோ.